பழைய வண்டியின் என்ஜின் ஏன் கொதிக்கிறது?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் சென்றவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் சாலை ஓரத்தில் ஒரு பழைய பிக்-அப் வண்டி நிற்கும். பின்னால் அரிசி மூட்டைகளோ சிமெண்டு மூட்டைகளோ ஏற்றப்பட்டிருக்கும். பானெட் திறந்திருக்க, உள்ளேயிருந்து ஆவி 'புஸ்' என்று வெளிவந்துகொண்டிருக்கும். டிரைவர் கையில் ஒரு துணியும், கிளீனர் கையில் ஒரு பிளாஸ்டிக் குடமும் இருக்கும். "வண்டி கொதிச்சுப் போச்சு" என்பார்கள்.

ஏன் கொதித்தது? "வயசான வண்டி, அப்படித்தான்" என்பது பலர் சொல்லும் விடை. அது விடை அன்று. வண்டிக்கு வயதானதால் மட்டும் தண்ணீர் கொதிப்பதில்லை. வெப்பம் வெளியேறும் பாதையில் ஏதோ ஓரிடத்தில் தடை ஏற்பட்டிருப்பதால்தான் கொதிக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. பள்ளியில் படித்த வெப்பவியலே பெரும்பாலும் போதும். 'எப்போது கொதிக்கிறது?' என்ற ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டால், 'எங்கே கோளாறு?' என்பதற்கு விடை கிடைத்துவிடும். அதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

பழைய பிக்-அப் என்று இங்கே நாம் குறிப்பிடுவது, கம்ப்யூட்டர் கட்டுப்பாடு இல்லாத, பெல்ட்டினால் சுழலும் விசிறி கொண்ட, செம்பும் பித்தளையும் சேர்ந்த ரேடியேட்டர் உடைய வண்டியை. இத்தகைய வண்டிகள் இன்றும் நம் ஊர்ச் சந்தைகளுக்கும் தோட்டங்களுக்கும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. பல குடும்பங்களுக்கு அதுவே பிழைப்பு.

எரிபொருளின் வெப்பம் எங்கே போகிறது?

டீசலோ பெட்ரோலோ எரியும்போது சிலிண்டருக்குள் இருக்கும் வாயுவின் வெப்பநிலை கணநேரம் 2,000° செ. அளவை எட்டுகிறது. வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1,200° செ.-இல் உருகும். அலுமினியமோ 660° செ.-இலேயே உருகிவிடும். அப்படியானால் சிலிண்டரும் பிஸ்டனும் உருகாமல் இருப்பது எப்படி? சிலிண்டரின் சுவரைச் சுற்றி ஓடும் தண்ணீர், வெப்பத்தை உடனுக்குடன் வாங்கிக்கொண்டு போய்விடுவதால்தான்.

எரிபொருளிலிருந்து கிடைக்கும் வெப்பத்தை மூன்று பங்காகப் பிரித்துக் கொள்ளலாம். ஏறத்தாழ ஒரு பங்கு சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மற்றொரு பங்கு தண்ணீரிடம் வந்து சேர்கிறது. ஆகவே, தோராயமாக ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: என்ஜின் எவ்வளவு வேலை செய்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவு வெப்பத்தை ரேடியேட்டர் காற்றில் விட்டாக வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

மேட்டுப்பாளையத்திற்கும் குன்னூருக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,500 மீட்டர். சுமையோடு சேர்ந்து நம் வண்டியின் நிறை 2,500 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். இதை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கச் செய்யவேண்டிய வேலை:

2,500 × 9.8 × 1,500 = 3,67,50,000 ஜூல்.

அதாவது ஏறத்தாழ 37,000 கிலோஜூல். நம் தோராய விதிப்படி, அதே அளவு வெப்பம் தண்ணீருக்கும் வந்து சேரும். (சக்கரங்களின் உருளும் தடையையும் காற்றின் தடையையும் சேர்த்தால் இது இன்னும் கூடும்.) ஏறுவதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்றால், ஒரு விநாடிக்கு 10 கிலோஜூல் வீதம் வெப்பம் வருகிறது. வீட்டில் வெந்நீர் போடப் பயன்படுத்தும் 1 கிலோவாட் மின் கம்பிச்சுருள்கள் பத்தை ஒரே பாத்திரத்தில் போட்டதற்குச் சமம் இது.

வண்டியில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு? 10 லிட்டர் என்று கொள்வோம். அதை 30° செ.-இலிருந்து 100° செ.-க்குக் கொண்டுவர 10 × 4.2 × 70 = 2,940 கிலோஜூல் போதும். ஒரு விநாடிக்கு 10 கிலோஜூல் வீதம் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் கொதித்துவிடும்!

ஆகவே, ஒரு மணி நேரம் மலை ஏறியும் ஒரு வண்டி கொதிக்கவில்லை என்றால் அதுதான் வியப்பு. வருகின்ற வெப்பத்தை அதே வேகத்தில் ரேடியேட்டர் காற்றில் விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். வரவும் செலவும் சரியாக இருக்கும்வரை வெப்பநிலை ஏறாது. செலவில் சிறிது குறைந்தாலும், மீதி வெப்பம் தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகும்.

தண்ணீரின் சுற்றுப்பயணம்

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் இந்த வரவு செலவுக் கணக்கு நேராக இல்லை. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதன் மூலமே என்ஜின் குளிர்ந்தது. 1888-இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அந்த வண்டியில் சென்றபோது, வழியெங்கும் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றவேண்டியிருந்தது. பின்னர், 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வில்ஹெல்ம் மேபாக் என்ற பொறியியலார் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை உருவாக்கினார். 8,000-க்கு மேற்பட்ட சிறு சதுரக் குழாய்களை அடுக்கி, காற்றுப் படும் பரப்பைப் பலமடங்கு பெருக்கியதுதான் அதன் இரகசியம். அதன் பிறகுதான் ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது எளிதாயிற்று.

இன்றைய பிக்-அப்பிலும் அதே ஏற்பாடுதான். வாட்டர் பம்பு தண்ணீரை என்ஜினுக்குள் தள்ளுகிறது. தண்ணீர் சிலிண்டர்களைச் சுற்றி வந்து, சூடாகி, மேலே தெர்மாஸ்டாட் என்னும் கதவை அடைகிறது. கதவு திறந்திருந்தால், மேல் ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் இறங்கும்போது, விசிறி இழுக்கும் காற்றுக்குத் தன் வெப்பத்தைக் கொடுக்கிறது. ஆறிய தண்ணீர் கீழ் ரப்பர் குழாய் வழியாகப் பம்புக்கே திரும்புகிறது.

இது ஒரு சங்கிலி. உலோகச் சுவர், தண்ணீர், பம்பு, தெர்மாஸ்டாட், ரேடியேட்டர், விசிறி, காற்று என்பவை அதன் கண்ணிகள். எந்தக் கண்ணி தளர்ந்தாலும் வெப்பம் அங்கேயே தேங்கி நிற்கும்.

ரேடியேட்டர் மூடியும் பிரஷர் குக்கரும்

இச்சங்கிலியில் பலரும் மறந்துவிடும் பகுதி, ரேடியேட்டரின் மூடி. பார்ப்பதற்குச் சாதாரண மூடியாகத் தோன்றினாலும், அது பிரஷர் குக்கரின் 'வெயிட்' செய்யும் வேலையைச் செய்கிறது. மூடியின் மேல் 0.9 என்றோ 13 என்றோ பொறித்திருப்பதைக் காணலாம். முன்னது பார் கணக்கு. பின்னது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு. இரண்டும் ஏறத்தாழ ஒரே அழுத்தம்தான். வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட உள்ளே இவ்வளவு அழுத்தம் கூடும்வரை, மூடியில் உள்ள சுருள்வில் தண்ணீரை வெளியே விடாது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் அல்லவா? கடல் மட்டத்தில் 100° செ.-இல் கொதிக்க வேண்டிய தண்ணீர், இந்த மூடியின் கீழ் ஏறத்தாழ 118° செ. வரை கொதிக்காமல் இருக்கும்.

மலைமேல் இதன் அருமை நன்கு விளங்கும். உயரே செல்லச் செல்ல வளிமண்டல அழுத்தம் குறைகிறது. 300 மீட்டருக்கு ஏறத்தாழ 1° செ. வீதம் கொதிநிலையும் இறங்குகிறது. ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94° செ.-இலேயே கொதித்துவிடும். ஆனால் பல என்ஜின்களில் தெர்மாஸ்டாட் முழுமையாகத் திறப்பதே 95° செ. அளவில்தான். அதாவது, மூடியின் சுருள்வில் தளர்ந்துபோன அல்லது ரப்பர் வளையம் பிய்ந்துபோன ஒரு வண்டி, வேறு எந்தக் கோளாறும் இல்லாமலே மலைமேல் கொதிக்கக்கூடும். ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்று எண்ணிச் செலவு செய்வதற்கு முன், சில நூறு ரூபாய் மூடியை மாற்றிப் பார்ப்பது அறிவுடைமை.

சூடான மூடியைத் திறக்காதீர்கள்!

மூடியைப் பற்றி இன்னொன்றையும் அவசியம் சொல்லவேண்டும். கொதித்து நிற்கும் வண்டியின் மூடியைத் துணியைப் போட்டு உடனே திறப்பதைப் பல இடங்களில் காண்கிறோம். இது எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கணக்கே சொல்லும்.

உள்ளே 10 லிட்டர் தண்ணீர் 115° செ.-இல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அழுத்தத்தில் இருப்பதால் அது கொதிக்காமல் அமைதியாகவே இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடுகிறது. கொதிநிலை 100° செ.-க்கு இறங்கிவிடுகிறது. மிகுதியாக உள்ள 15 டிகிரிக்குரிய வெப்பம் 10 × 4.2 × 15 = 630 கிலோஜூல். இந்த வெப்பம் முழுவதும் தண்ணீரின் ஒரு பகுதியை ஆவியாக்கவே செலவாகும். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும். எனவே 280 கிராம் தண்ணீர் திடீரென்று ஆவியாகிறது. 280 கிராம் என்றால் கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் அதன் ஆவி 470 லிட்டர் இடம் கேட்கும்! இரண்டு பெரிய டிரம்களை நிரப்பும் ஆவி, ரேடியேட்டரின் குறுகிய கழுத்து வழியாக ஒரே சமயத்தில் வெளியே பாய்கிறது. பாயும்போது மீதிக் கொதிநீரையும் தூக்கிக்கொண்டு வருகிறது. குனிந்து நிற்பவரின் முகமும் கண்ணும் நேர் எதிரே இருக்கின்றன. அந்த ஆவி தோலின்மேல் படிந்து நீராகும்போது, தன் உள்ளுறை வெப்பத்தையும் அங்கேயே கொட்டிவிடுகிறது. ஆவிப்புண் ஆழமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே, என்ஜினை நிறுத்திவிட்டு அரைமணி நேரமாவது காத்திருங்கள். மேல் ரப்பர் குழாயைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்கமுடியாத சூடு இருந்தால் இன்னும் பொறுங்கள். அமுக்கினால் விறைப்பாக இருந்தாலும் அழுத்தம் குறையவில்லை என்று பொருள். ஆறிய பிறகும் தடித்த துணியைப் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியை முதல் தடுப்புவரை மட்டும் திருப்புங்கள். 'இஸ்' என்ற ஓசை முற்றிலும் நின்றபிறகே முழுவதும் திறக்க வேண்டும்.

எப்போது கொதிக்கிறது?

இனி நம் முக்கியமான கேள்விக்கு வருவோம். டிரைவரிடம் கேட்கவேண்டிய கேள்வி, "கொதிக்கிறதா?" என்பதன்று, "எப்போது கொதிக்கிறது?" என்பதே.

முதலாவது: நெரிசலில் நிற்கும்போது முள் ஏறுகிறது, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடுகிறது. நிற்கும் என்ஜின் மிகக் குறைந்த வேலையே செய்கிறது. எனவே வெப்பமும் குறைவு. அப்படியும் முள் ஏறினால், குறைவது காற்றுதான். ஓடும்போது எதிர்க்காற்று தானாகவே ரேடியேட்டரில் நுழைந்துவிடுகிறது. நிற்கும்போது விசிறி ஒன்றே துணை. எனவே விசிறி பெல்ட்டைப் பாருங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு, இரு கப்பிகளுக்கு நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால், பொதுவாக 1 செ.மீ. அளவே தாழவேண்டும். விசிறியின் இலைகள் உடைந்துள்ளனவா, விசிறியைச் சுற்றியுள்ள தகட்டுக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். கூடு இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டர் வழியே காற்றை இழுக்காமல், பக்கவாட்டில் உள்ள காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். மெக்கானிக் கடையில் கழற்றிய கூட்டைத் 'தேவையில்லை' என்று தூக்கி எறிந்துவிட்ட வண்டிகள் பல.

இரண்டாவது: நின்றால் சரியாக இருக்கிறது, வேகமாக ஓடும்போதோ மேடேறும்போதோ கொதிக்கிறது. இங்கே காற்று அன்று, தண்ணீரின் ஓட்டமோ ரேடியேட்டரின் கொள்ளளவோ போதவில்லை. ரேடியேட்டரின் உட்குழாய்கள் பாதி அடைத்திருக்கலாம். தகடுகளுக்கிடையே பூச்சிகளும் மண்ணும் வைக்கோல் துகளும் சேர்ந்திருக்கலாம். கீழ் ரப்பர் குழாய் மென்மையாகிப்போய், பம்பு உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளலாம். பம்பின் உள்ளிருக்கும் சக்கரம் அரித்துப்போயிருக்கலாம். என்ஜின் தேவைக்குமேல் வெப்பத்தை உண்டாக்குகிறதா என்பதும் பார்க்கத்தக்கது. டீசல் பீச்சும் நேரம் தவறியிருந்தாலோ, பிரேக் முழுதாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலோ வரவு கூடிவிடும்.

மூன்றாவது: காலையில் கிளப்பிய சில நிமிடங்களிலேயே கொதிக்கிறது. தண்ணீர் மிகக் குறைந்திருக்க வேண்டும். அல்லது தெர்மாஸ்டாட் மூடிய நிலையிலேயே சிக்கியிருக்க வேண்டும். என்ஜின் நன்றாகச் சூடாகியும் ரேடியேட்டரின் கீழ்ப்பகுதி சில்லென்று இருந்தால், சுடுநீர் அங்கே வரவே இல்லை என்று பொருள்.

நான்காவது: வெளியே சொட்டு நீரும் ஒழுகவில்லை, ஆனால் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. இதுதான் கவலைக்குரிய நிலை. இதைப் பிறகு தனியே காண்போம்.

முள்ளைப் பற்றியும் ஒரு சொல். வெப்பத்தை உணரும் பகுதி தண்ணீரில் மூழ்கி இருக்கும்வரைதான் முள் மெய் சொல்லும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், உள்ளே என்ஜின் தகித்துக்கொண்டிருக்க, முள் மட்டும் கீழே வந்துவிடலாம். ஏறிக்கொண்டிருந்த முள் காரணமின்றித் திடீரென்று விழுந்தால், மகிழ்ச்சியடையாதீர்கள், வண்டியை நிறுத்துங்கள்.

சுண்ணாம்புப் படலம்

வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் படிவதைப் பார்த்திருக்கிறீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. இதையே 'தற்காலிகக் கடினத்தன்மை' என்று வேதியியலில் படிக்கிறோம். என்ஜினுக்குள்ளும் இதுவே நிகழ்கிறது. அதுவும் மிகச் சூடான இடத்தில், சிலிண்டரைச் சுற்றித்தான் மிகுதியாகப் படிகிறது.

இப்படலம் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். 1 மி.மீ. தடிப்புள்ள படலம், குறைந்தது 20 மி.மீ. தடிப்புள்ள வார்ப்பிரும்புச் சுவர் செய்யும் தடையைச் செய்கிறது. தண்ணீர் 90° செ.-இலேயே இருக்கும், ஆனால் படலத்துக்கு அப்பால் உள்ள இரும்பு எங்கோ போய்விடும்.

ஒருமுறை 10 லிட்டர் ஊற்றுவதால் பெரிய கேடு வந்துவிடாது. லிட்டருக்கு அரை கிராம் உப்பு இருந்தாலும் மொத்தம் 5 கிராம்தான். தினமும் ஊற்றுவதுதான் கேடு. நாளைக்கு 2 லிட்டர் வீதம் 300 நாள் ஊற்றினால் 600 லிட்டர். அதில் 300 கிராம் உப்பு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதில் பாதி படிந்தாலே மெல்லிய குழாய்கள் அடைபடப் போதும். ஆகவே, 'தண்ணீர் குறைகிறது, ஊற்றிக்கொள்வோம்' என்று நாட்களைக் கடத்துவது, சிறு ஒழுகலைப் பெரிய அடைப்பாக மாற்றும் வழி. ஒழுகலை முதலில் அடையுங்கள். பிறகு பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையும், வண்டிக்கு உரிய கூலண்ட் திரவத்தையும் கலந்து ஊற்றுங்கள். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்தும். உடன் சேர்த்துள்ள வேதிப்பொருள்கள் துருவைத் தடுக்கும். ஆனால் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் எட்டும் இடத்தில் வைக்கலாகாது. வடித்ததைத் தரையில் கொட்டவும் கூடாது.

தெர்மாஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

"நம் ஊர் வெயிலுக்குத் தெர்மாஸ்டாட் எதற்கு?" என்று அதைக் கழற்றிவிடுவது பட்டறைகளில் பழைய வழக்கம். கழற்றியபின் சில வண்டிகள் முன்னைவிட மோசமாகக் கொதிப்பதும் உண்டு. 'தண்ணீர் மிக வேகமாக ஓடுவதால் ரேடியேட்டரில் ஆற நேரமில்லை' என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். இது தவறு. வேகமாக ஓடும்போது ஒவ்வொரு லிட்டரும் குறைவாகவே ஆறும் என்பது உண்மை. ஆனால் ஒரு நிமிடத்தில் அதிக லிட்டர்கள் ஆறுகின்றன. ரேடியேட்டரும் மேலிருந்து கீழ்வரை அதிகச் சூட்டிலேயே இருப்பதால், காற்றுக்குப் போகும் மொத்த வெப்பம் கூடத்தான் செய்யும்.

உண்மைக் காரணம் வேறு. பல என்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் நேரே பம்புக்குத் திரும்ப ஒரு குறுக்குவழி உண்டு. குளிர்ந்த என்ஜினை விரைவில் சூடாக்குவதற்காக அமைந்தது அது. தெர்மாஸ்டாட் திறக்கும்போதே, அதன் அடித்தட்டு இக்குறுக்குவழியை மூடிவிடும். தெர்மாஸ்டாட்டைக் கழற்றினால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ஆறாமலே என்ஜினுக்குத் திரும்பும்.

தெர்மாஸ்டாட் நல்லதா என்பதை வீட்டு அடுப்படியிலேயே சோதிக்கலாம். உள்ளே உள்ள மெழுகு, சூட்டில் உருகி விரிந்து கதவைத் தள்ளுகிறது. அவ்வளவுதான் அதன் தத்துவம். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் படாதவாறு தெர்மாஸ்டாட்டை நூலில் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால், ஏறத்தாழ 82° செ.-இல் கதவு அசையத் தொடங்கவேண்டும். கொதிக்கும்போதும் திறக்கவில்லை என்றால் மாற்றுவதே வழி.

வெளியே ஒழுகாத தண்ணீர்

முன்பு நான்காவதாகச் சொன்ன நிலைக்கு வருவோம். சிலிண்டர் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே ஒரு தகட்டு அட்டை உண்டு. ஹெட் கேஸ்கட் என்பார்கள். ஒருபுறம் எரியும் வாயு, மறுபுறம் தண்ணீர். இரண்டையும் பிரித்து வைப்பது இதுதான். என்ஜின் ஒருமுறை கடுமையாகக் கொதித்தால் ஹெட் சீராக விரியாமல் கோணிப்போகும். 50 செ.மீ. நீளமுள்ள வார்ப்பிரும்பு, 80 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 0.44 மி.மீ. நீளும். ஹெட்டின் அடிப்பரப்போ 0.1 மி.மீ. அளவுக்குள் சமதளமாக இருக்கவேண்டிய ஒன்று. ஒரு பகுதி நீண்டு மறுபகுதி நீளாவிட்டால், கேஸ்கட் பிய்ந்துபோவதில் வியப்பில்லை.

அறிகுறிகள் இவை: ஆறிய என்ஜினை மூடி திறந்த நிலையில் கிளப்பியதும் ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழிகள் வரும். என்ஜின் சூடான பிறகும் புகைக்குழாயில் வெண்புகை நிற்காது. எண்ணெய் பார்க்கும் குச்சியில் எண்ணெய், பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கும். இவற்றைக் கண்டபின் வண்டியை ஓட்டாதீர்கள். கேஸ்கட் மாற்றும் செலவோடு போகவேண்டியது, என்ஜினையே பிரித்துக் கட்டும் செலவாக முடியும்.

வழியில் முள் ஏறினால்

மேட்டில் முள் ஏறத் தொடங்கியதும், மேல் கியரில் திணறிக்கொண்டு ஏறாதீர்கள். ஒரு கியர் குறைத்து, அதிகம் மிதிக்காமல் மெதுவாக ஏறுங்கள். கீழ் கியரில் என்ஜின் வேகமாகச் சுழல்கிறது; அதனோடு பம்பும் விசிறியும் வேகமாகச் சுழல்கின்றன. வெப்பம் குறைந்து, ஆற்றும் திறன் கூடுகிறது. அப்படியும் முள் இறங்காவிட்டாலும், ஆவி தென்பட்டாலும், பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி என்ஜினை நிறுத்திவிடுங்கள். தகிக்கும் என்ஜினின்மேலோ அதனுள்ளோ குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். சூடான கண்ணாடிக் குவளையில் குளிர்நீர் ஊற்றினால் என்னவாகுமோ, அதுவே வார்ப்பிரும்புக்கும் நேரலாம்.

மலிவானதிலிருந்து தொடங்குங்கள்

வீட்டில் வண்டி வைத்திருப்பவர்கள் கீழ்க்கண்ட வரிசையில் சோதிப்பது நல்லது.

1. ஆறிய என்ஜினில் தண்ணீர் மட்டம்.
2. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையமும் சுருள்வில்லும்.
3. விசிறி பெல்ட்டும் விசிறிக் கூடும்.
4. ரேடியேட்டர் தகடுகளின் தூய்மை. (என்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மெல்லிய நீர்த்தாரையால் கழுவவேண்டும். அழுத்தமாகப் பீச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.)
5. மேல், கீழ் ரப்பர் குழாய்கள்.
6. தெர்மாஸ்டாட்.
7. ரேடியேட்டரின் உள் அடைப்பு.
8. வாட்டர் பம்பு.
9. ஹெட் கேஸ்கட்.

முதல் ஐந்துக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். வீட்டில் ஒரு வண்டி இருந்தால், மாணவர்கள் பெரியவர்களுக்குத் துணையாக நின்று இதைச் செய்து பார்க்கலாம். தன்வெப்பம், உள்ளுறை வெப்பம், கொதிநிலையும் அழுத்தமும், வெப்பக் கடத்தல், வெப்ப விரிவு என்று பாடநூலில் தனித்தனிப் பிரிவுகளாகப் படித்தவை அனைத்தும், ஒரு பழைய பிக்-அப்பின் பானெட்டுக்கு அடியில் ஒன்றாக வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவற்றை அறிந்தவர் கைக்கு, வண்டி கொதிப்பது விதி அன்று; கண்டுபிடித்துத் தீர்க்கக்கூடிய ஒரு கணக்கு.